ஒன்பது புள்ளிகளை வைத்து ஒரு வெள்ளத்தை அளக்க முடியுமா?

கேள்வி: 2 பிப்ரவரி 2025

பாலிடெக்னிக் சிவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பயிற்சித் தாளில் ஒரு அணையின் நீர்வரத்து வரைபடம் அச்சிட்டிருக்கிறார்கள். கிடைக்கோட்டில் நாள், குத்துக்கோட்டில் விநாடிக்கு எத்தனை ஆயிரம் கன அடி. மொத்தம் எவ்வளவு தண்ணீர் வந்தது என்று காண வேண்டும். ஒவ்வொரு நாளும் காலை 8 மணிக்கு உரிய புள்ளியைப் படித்தேன்: 5, 8, 22, 60, 85, 70, 40, 25, 15. கூட்டினால் 330. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. பெருக்கினால் 28.51 டி.எம்.சி. வருகிறது. விடைத்தாளில் 27.65 என்று இருக்கிறது. தொகையிடல் (வளைவரையின் கீழ்ப் பரப்பைக் காண்பது) என்றால் கூட்டல்தான் என்று வகுப்பில் சொன்னார்கள். கூட்டலை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். எங்கே தப்பு, சார்?

2 பிப்ரவரி 2025, இரவு 9.40

கூட்டல் சரி. நாள் கணக்குதான் தப்பு. வேலிக்கு ஒன்பது கால் ஊன்றினால் இடைவெளி எட்டுதான். முதல் நாள் காலை 8 மணிக்குத் தொடங்கி ஒன்பதாம் நாள் காலை 8 மணிக்கு முடிக்கிறீர்கள். நடுவில் எட்டு முழு நாள். உங்கள் கணக்கில் ஒன்பது நாள் தண்ணீர் ஓடியிருக்கிறது.

ஒவ்வொரு இடைவெளியையும் தனியாகப் பாருங்கள். முதல் நாள் காலை 5, மறுநாள் காலை 8. இரண்டு புள்ளியையும் நேர்கோட்டால் சேர்த்தால் அதன் கீழே நிற்பது ஒரு சரிவகம். இரண்டு உயரத்தின் சராசரியை ஒரு நாளால் பெருக்கினால் பரப்பு 6.5. இப்படி எட்டுச் சரிவகம். எல்லாவற்றையும் கூட்டும்போது நடுவிலுள்ள ஏழு எண்களும் முழுதாக வரும், முதலும் கடைசியும் பாதிபாதி வரும். ஆக 330இலிருந்து 10 குறையும். மீதி 320. விநாடிக்கு ஆயிரம் கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 0.0864 டி.எம்.சி. அதை 320ஆல் பெருக்கினால் 27.648. விடைத்தாள் சொல்வது சரி.

மனத்தில் வைத்துக்கொள்ள ஓர் எண்: 11,574. டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் வந்தால் ஒரு டி.எம்.சி. சேரும். டெல்டாவில் வளர்ந்தவன் என்பதால் எனக்கு இது வாய்ப்பாடு போல.

சரிவக விதி எப்போதும் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். அது சிறிய குறை, விட்டுவிடலாம்.

2 பிப்ரவரி 2025, இரவு 10.15

ஒன்று விட்டுப்போனது. கடைசி எண்ணை விட்டு மற்ற எட்டையும் கூட்டினால் 315. முதல் எண்ணை விட்டுக் கூட்டினால் 325. முதலாவதில் ஒவ்வொரு நாளையும் அந்தக் காலையின் உயரத்திலேயே நிறுத்துகிறோம், இரண்டாவதில் மறுநாள் காலையின் உயரத்தில். இரண்டின் சராசரி 320. சரிவக விதியை இப்படியும் பார்க்கலாம். எனக்கு இது புரிந்த பிறகுதான் சூத்திரத்தை மனப்பாடம் செய்வதை விட்டேன்.

3 பிப்ரவரி 2025, காலை 7.20

சிம்ப்சன் விதியைப் போட்டால் என்ன என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். போடலாம். எட்டு இடைவெளி, இரட்டைப்படை, எல்லாம் சம அகலம். நிபந்தனை நிறைவேறுகிறது.

முதலும் கடைசியும் சேர்ந்து 20. இரண்டாவது, நான்காவது, ஆறாவது, எட்டாவது எண்கள் 8, 60, 70, 25. கூட்டல் 163, நான்கால் பெருக்கினால் 652. மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது எண்கள் 22, 85, 40. கூட்டல் 147, இரண்டால் பெருக்கினால் 294. எல்லாம் சேர்த்து 966. மூன்றால் வகுத்தால் 322. அதாவது 27.82 டி.எம்.சி. சரிவகத்தைவிட 0.17 கூடுதல்.

சரிவகம் இரண்டு புள்ளிக்கு நடுவே நேர்கோடு போடுகிறது. சிம்ப்சன் மூன்று புள்ளி வழியே ஒரு பரவளையம் போடுகிறது. விதிக்குப் பெயர் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரரான தாமஸ் சிம்ப்சனுடையது. ஆனால் 1615இலேயே கெப்ளர் இதே விகிதத்தை ஒயின் பீப்பாய்க்குப் போட்டுவிட்டார். இரு முனைகளின் குறுக்குப் பரப்பு, நடுப்பரப்பின் நான்கு மடங்கு, எல்லாவற்றையும் கூட்டி ஆறால் வகுத்து நீளத்தால் பெருக்கு. ஜெர்மானியர்கள் இன்றும் இதைக் கெப்ளரின் பீப்பாய் விதி என்றே சொல்கிறார்கள். வியாபாரி பீப்பாய்க்குள் ஒரு கோலைச் சாய்வாக விட்டு, நனைந்த நீளத்தை வைத்து விலை சொன்னாராம். கெப்ளருக்கு அது பொறுக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த கோபம் அது.

பேப்பரில் வரும் எண்களைத் தினமும் குறித்து வைப்பவர்கள் சிம்ப்சனை நம்பிப் போகாதீர்கள். பண்டிகைக்கு மறுநாள் பேப்பர் வராது, ஒரு புள்ளி போய்விடும். சம இடைவெளி உடைந்த இடத்தில் சிம்ப்சனை அப்படியே போடக்கூடாது. சரிவகத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, அந்த ஓர் இடத்தில் 48 மணி நேரம் என்று போட்டால் போதும்.

4 பிப்ரவரி 2025, மாலை 6.05

முதல் குறிப்பின் கடைசி வரியைத் திருத்துகிறேன். "சரிவக விதி எப்போதும் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும்" என்று எழுதியிருந்தேன். அது தவறு. படிப்பவர்கள் அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வளைவரை குடை போல மேலே வளைந்து நிற்கும் இடத்தில் நேர்கோடு வளைவுக்குக் கீழே போகும், அங்கே குறையும். தூளி போலக் கீழே தொய்ந்து கிடக்கும் இடத்தில் நேர்கோடு வளைவுக்கு மேலே போகும், அங்கே கூடும். வெள்ளம் ஏறி உச்சியைத் தொடும் இடம் குடை. வடியும் இடம் தூளி. ஆற்றில் வெள்ளம் வடிவது பெரும்பாலும் ஒரே விகிதத்தில்தான். இன்று இருப்பதில் ஒரு பங்கு நாளைக்குக் குறையும், மீதியில் அதே பங்கு மறுநாள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 40இலிருந்து தினமும் பாதியாகக் குறைந்து இரண்டு நாளில் 10 ஆகிறது என்று வையுங்கள். இரு முனைகளை மட்டும் வைத்துச் சரிவகம் போட்டால் 50. நடுநாளின் 20ஐயும் சேர்த்துக்கொண்டால் 45. உண்மைப் பரப்பு 43.3. மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழித்து, நாள் எண்ணிக்கையால் பெருக்கி, இரண்டு எண்களின் விகிதத்துக்கு இயல் மடக்கை எடுத்து அதால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

இதைக் கேள்வி கேட்ட தம்பியின் எண்களில் வடியும் பகுதிக்கு, 70, 40, 25, 15க்குப் போட்டேன். சரிவகத்தில் 107.5. மடக்கையில் 105.1. அதாவது 2.4 குறைகிறது. சிம்ப்சன் போட்டால் மொத்தத்தில் 2 கூடுகிறது, மடக்கை போட்டால் 2.4 குறைகிறது. இரண்டுமே படித்தவர்கள் சொல்லும் முறைகள். ஒன்று மேலே தள்ளுகிறது, மற்றது கீழே இழுக்கிறது. இது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

மருந்துத் துறையில் இந்த மடக்கை முறைதான் அன்றாட வழக்கம் என்று என் அக்கா மகள் சொன்னாள். மாத்திரை விழுங்கியவரின் ரத்தத்தைக் குறித்த நேரங்களில் எடுத்து, மருந்தின் அளவைப் புள்ளிகளாக வைத்து, அந்த வளைவரையின் கீழ்ப் பரப்பைப் பார்ப்பார்கள். உடல் மொத்தம் எவ்வளவு மருந்தைச் சந்தித்தது என்பது அந்தப் பரப்பு. ஏறும்போது நேர்கோடு, இறங்கும்போது மடக்கை. ஒரு கம்பெனி மருந்துக்கு இன்னொரு கம்பெனி மருந்து சமம் என்று சொல்ல, இரண்டு பரப்புகளின் விகிதத்துக்கான நம்பக இடைவெளி (விகிதம் இதற்குள் இருக்கும் என்று புள்ளியியல் சொல்லும் எல்லை) 80 முதல் 125 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். மருந்துக்கடையில் மலிவான மாத்திரையைக் கேட்டு வாங்கும் நமக்குப் பின்னால் இத்தனை சரிவகங்கள் நிற்கின்றன.

5 பிப்ரவரி 2025, இரவு 8.30

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவே இல்லை. இந்த எண் காலை 8 மணிக்கு அந்த நொடியில் இருந்த நீர்வரத்தா, அல்லது முந்தைய 24 மணி நேரத்தின் சராசரியா?

அணைகளில் நீர்மட்டம் எவ்வளவு ஏறியது, எவ்வளவு வெளியே விட்டார்கள் என்பதை வைத்து, வந்தது எவ்வளவு என்று பின்னோக்கிக் கணக்கிடுவதும் உண்டு. அப்படி வந்த எண் ஒரு கால அளவின் சராசரி. அது நாள் சராசரி என்றால் சரிவகம் வேண்டாம், சிம்ப்சன் வேண்டாம். எத்தனை நாளோ அத்தனை எண்ணையும் கூட்டி 86,400ஆல் பெருக்கினால் போதும். தம்பி செய்த அதே கூட்டல்! சராசரி என்பதே ஏற்கெனவே யாரோ பரப்பு கண்டு அகலத்தால் வகுத்து வைத்த எண்தான்.

தம்பியின் தாளில் இருப்பது வரைந்த வளைவரை. அதில் படித்த புள்ளிகள் நொடி எண்கள்தான். அதனால் இந்தக் கேள்வி அவரைப் பாதிக்காது. பேப்பரைப் பார்த்துக் குறிப்பவர்களைப் பாதிக்கும்.

இதை எழுதும்போது ஒரு பழைய வேலை நினைவுக்கு வந்தது. டிப்ளமோ முடித்த புதிதில் ஒரு கிளை வாய்க்காலில் ஓட்டம் அளக்கும் குழுவில் இருந்தேன். குறுக்கே கயிறு கட்டி, அரை மீட்டருக்கு ஒரு துணி முடிச்சு போட்டு, முடிச்சுக்கு முடிச்சு இறங்கி நிற்போம். ஆழம் குறைவாக இருந்தால் மேல்மட்டத்திலிருந்து ஆழத்தின் பத்தில் ஆறு பங்கில் கரண்ட் மீட்டரை, அதாவது நீரோட்டத்தின் வேகத்தை அளக்கும் கருவியை, பிடிப்போம். ஆழம் அதிகமானால் பத்தில் இரண்டிலும் பத்தில் எட்டிலும் பிடித்துச் சராசரி எடுப்போம். ஒவ்வொரு முடிச்சிலும் வேகத்தை ஆழத்தால் பெருக்கி, கரையிலிருந்து கரைக்கு அதன் கீழ்ப் பரப்பைக் கண்டால் அதுதான் விநாடிக்கு இத்தனை கன அடி. தம்பியின் வரைபடத்திலுள்ள ஒவ்வொரு புள்ளியும் இப்படி ஒரு பரப்பிலிருந்து பிறந்ததாகத்தான் இருக்கும்.

அந்த வாய்க்கால் ஒரு திருப்பத்தில் இருந்தது. ஆழமும் வேகமும் வெளிக்கரைப் பக்கம் இரண்டு முடிச்சுக்குள் நெருக்கிக்கொண்டு இருந்தன. நாங்கள் சமமாக முடிச்சு போட்டோம், சமமாக நின்றோம், கணக்கும் சுத்தமாக இருந்தது. மூத்தவர் ஒருவர் வந்து தாளைப் பார்த்துவிட்டு, மொத்த ஓட்டத்தில் கால்வாசிக்கு மேல் ஒரே துண்டில் வருகிறதே, அதை ஏன் உடைக்கவில்லை என்று கேட்டார். ஒரு துண்டில் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வரக்கூடாது என்பது இந்த வேலையில் பாடம். திரும்ப இறங்கி அந்த இரண்டு முடிச்சுக்கு நடுவில் நாலு இடத்தில் பிடித்தோம். ஓட்டம் கூடியது. சூத்திரத்தை யாரும் மாற்றவில்லை, நின்ற இடத்தை மாற்றினோம்.

7 பிப்ரவரி 2025, காலை 6.50

தம்பி நேற்று இரவு வரைபடத்தைப் படமாகப் போட்டிருக்கிறார். பார்த்தவுடன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் காலை 85. ஆறாம் நாள் காலை 70. இரண்டுக்கும் நடுவில் வளைவரை நேராக இறங்கவில்லை. ஏறுகிறது! ஐந்தாம் நாள் இரவு 8 மணி வாக்கில் 110ஐத் தொட்டுவிட்டுத்தான் இறங்குகிறது. வெள்ளத்தின் உச்சி இரவில் வந்திருக்கிறது. காலை 8 மணிக்கு மட்டும் பார்ப்பவர் கண்ணில் அது படவே படாது.

அந்த ஒரு நாளை மட்டும் இரண்டாக உடைத்துப் பாருங்கள். 85க்கும் 110க்கும் நடுவே அரை நாள், 48.75. 110க்கும் 70க்கும் நடுவே அரை நாள், 45. சேர்த்து 93.75. முன்பு அதே நாளுக்கு நாம் போட்டது 77.5. வித்தியாசம் 16.25. டி.எம்.சி.யில் 1.40.

சரிவகமா சிம்ப்சனா என்று நாம் பேசிக்கொண்டிருந்தது 0.17 டி.எம்.சி.க்கு. பார்க்காமல் விட்ட ஒரு புள்ளி அதைப் போல எட்டு மடங்கு.

அதனால் 2ஆம் தேதி "விடைத்தாள் சொல்வது சரி" என்று எழுதியதையும் திரும்பப் பெறுகிறேன். காலைப் புள்ளிகள் ஒன்பதை மட்டும் கொடுத்திருந்தால் அது சரி. வளைவரையையே கையில் கொடுத்துவிட்டு 27.65 என்பது சரியல்ல.

7 பிப்ரவரி 2025, இரவு 9.10

எல்லா நாளுக்கும் இரவு 8 மணிப் புள்ளியைப் படித்துப் போடச் சொன்னேன். போட்டுவிட்டார்: 6, 13, 40, 75, 110, 53, 31, 19. கூட்டல் 347.

பழைய வேலையை வீணாக்காமல் ஒரு வழி இருக்கிறது. இடைவெளியைப் பாதியாக்கும்போது புதிய சரிவகப் பரப்பு, பழைய பரப்புக்கும் நடுப்புள்ளிகளின் பரப்புக்கும் சராசரி. 320க்கும் 347க்கும் சராசரி 333.5. அதாவது 28.81 டி.எம்.சி.

உச்சியை மட்டும் சேர்த்தபோது 336.25 வந்தது. மற்ற இரவுகளைச் சேர்த்ததும் 2.75 இறங்கிவிட்டது. வடியும் நாள்களின் நடுப்புள்ளிகளைப் பாருங்கள்: 53, 31, 19. நேர்கோடு போட்டிருந்தால் 55, 32.5, 20 என்று இருந்திருக்கும். 4ஆம் தேதி சொன்ன தூளி இதுதான்.

8 பிப்ரவரி 2025, காலை 5.30

ஒரு சோதனையைச் சொல்லித்தருகிறேன். இதைச் செய்யாமல் எந்தத் தசமத்தையும் எழுதாதீர்கள்.

ஒன்றுவிட்டு ஒரு நாள் மட்டும் எடுங்கள்: 5, 22, 85, 40, 15. இடைவெளி இரண்டு நாள். சரிவகம் போட்டால் 314. தினமும் எடுத்தால் 320. அரை நாளுக்கு ஒன்று எடுத்தால் 333.5.

வளைவரை மென்மையாக இருந்து, நம் புள்ளிகள் அதைச் சரியாகப் பிடித்திருந்தால், இடைவெளியைப் பாதியாக்கும்போது பிழை நாலில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். அதனால் அடுத்தடுத்த வித்தியாசங்களும் அப்படியே சுருங்க வேண்டும். இங்கே முதல் வித்தியாசம் 6. அடுத்தது ஒன்றரை இருந்திருக்க வேண்டும். வந்தது 13.5. சுருங்கவில்லை, பெருத்திருக்கிறது. அப்படிப் பெருத்தால், முதலில் எடுத்த புள்ளிகள் வளைவரையின் உருவத்தையே பார்க்கவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று. 320உடன், 320க்கும் 314க்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒன்றைக் கூட்டுங்கள். 322. 3ஆம் தேதி போட்ட சிம்ப்சன் விடை அப்படியே வருகிறதா? தற்செயல் அல்ல. பிழை நாலில் ஒன்றாகக் குறையும் என்று நம்பி, மீதிப் பிழையையும் கழித்துவிடுவதுதான் சிம்ப்சன் விதி. அந்த நம்பிக்கை பொய்த்த இடத்தில் அதற்கு வேலை இல்லை. அரை நாள் எண்களுக்குச் சிம்ப்சன் போட்டால் 338 வருகிறது, 29.20 டி.எம்.சி. இதையும் இப்போதைக்கு நம்ப மாட்டேன்.

8 பிப்ரவரி 2025, காலை 5.45

தம்பி, ஐந்தாம் நாள் பகல் 2 மணி, நள்ளிரவு தாண்டி 2 மணி. இந்த இரண்டு புள்ளி மட்டும் வேண்டும். மற்ற நாள்களை விடுங்கள்.

9 பிப்ரவரி 2025, இரவு 10.00

வந்துவிட்டது. பகல் 2 மணிக்கு 104, இரவு 2 மணிக்கு 95.

அந்த நாளுக்கு ஆறு மணி நேரச் சரிவகம்: 96.6. முன்பு 77.5, அப்புறம் 93.75, இப்போது 96.6. வித்தியாசம் 16.25இலிருந்து 2.9க்கு வந்துவிட்டது. இப்போதுதான் சுருங்குகிறது. அந்த நாளுக்கு மட்டும் சிம்ப்சன் போட்டால் 97.6. அதை இங்கே நம்பலாம்.

மொத்தம் சரிவகத்தில் 336.4, உச்சி நாளுக்குச் சிம்ப்சன் வைத்தால் 337.3. டி.எம்.சி.யில் 29.06, 29.15. நான் 29.1 என்று எழுதி நிறுத்துவேன். அதற்கு மேல் ஒரு தசமம் எழுத இந்தப் புள்ளிகளுக்குத் தகுதி இல்லை.

தம்பி கேட்கிறார்: அப்படியானால் என் 28.51, விடைத்தாளின் 27.65ஐவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறதே? ஆமாம், இருக்கிறது. அவர் கணக்கில் இல்லாத ஒரு நாள் கூடியது, உச்சி குறைந்தது, ஒன்றை மற்றொன்று ஓரளவு ஈடுகட்டிவிட்டது. அடுத்த வரைபடத்தில் இரண்டு பிழையும் ஒரே பக்கம் சாய்ந்தால் யார் ஈடுகட்டுவார்கள்? தேர்வில் எட்டு இடைவெளி போட்டே எழுதுங்கள். பக்கத்தில் உச்சியைக் குறித்து ஒரு வரி எழுதுங்கள். திருத்துபவர் படித்துப் பார்க்கட்டும்.

11 பிப்ரவரி 2025, பிற்பகல் 3.20

இது கொஞ்சம் விலகிப் போகிறது. ஆனால் மனத்தில் கிடக்கிறது.

டீக்கடையில், பஸ்ஸில், எங்கே காவிரிப் பேச்சு வந்தாலும் "ஒரு லட்சம் கன அடி வந்ததே, இன்னும் என்ன?" என்று ஒருவர் கேட்பார். ஒரு லட்சம் என்பது உயரம். ஒரு நாள் முழுக்க அப்படியே நின்றால் 8.64 டி.எம்.சி. மூன்று மணி நேரம் நின்றுவிட்டு இறங்கினால் ஒரு டி.எம்.சி.யைக் கொஞ்சம் தாண்டும். பயிருக்குப் போவது பரப்பு.

2018 பிப்ரவரி 16 அன்று காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது தமிழ்நாட்டுக்கு, எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று ஆனது. மாதவாரியாகப் பார்த்தால் ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95. இவை எல்லாமே வளைவரையின் கீழ்ப் பரப்புகள். ஆகஸ்டின் 45.95, மாதம் முழுக்க விநாடிக்குச் சுமார் 17,156 கன அடி சீராக வந்தாலும் நிறையும், ஒரு லட்சம் கன அடி ஐந்தரை நாளுக்கும் குறைவாக வந்தாலும் நிறையும். பரப்பு ஒன்று, வளைவரை வேறு. முதல் வகையில் நாற்றங்கால் பிழைக்கும். இரண்டாவதில், அணையில் பிடித்து வைக்க இடம் இருந்தால்தான் தண்ணீர் நமக்கு.

அந்த இடமும் ஒரு பரப்புதான். மேட்டூரில் 120 அடிக்கு 93.47 டி.எம்.சி., 100 அடிக்கு ஏறத்தாழ 65. மேலே உள்ள இருபது அடி, உயரத்தில் ஆறில் ஒரு பங்கு. தண்ணீரில் பத்தில் மூன்று பங்கு. ஒவ்வொரு மட்டத்திலும் நீர் பரவும் பரப்பை வரைபடமாக்கி, அதன் கீழ்ப் பரப்பைக் கண்டால் கொள்ளளவு. மட்டம் ஏற ஏற நீர்ப்பரப்பு விரிவதால், 60 அடி வந்துவிட்டால் பாதி அணை என்று நினைக்கக்கூடாது.

12 பிப்ரவரி 2025, இரவு 9.55

இந்தச் சரிவகத்தை முதலில் போட்டது யார் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் யார் என்று சொல்ல மாட்டேன், வியப்பான ஒன்றைச் சொல்கிறேன்.

பாபிலோனியக் களிமண் பலகைகள் சில பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கி.மு. 350க்கும் 50க்கும் இடைப்பட்டவை. மாத்தியூ ஒசென்ட்ரைவர் என்ற ஆய்வாளர் அவற்றைப் படித்து 2016இல் வெளியிட்டார். வியாழன் கோள் முதலில் கண்ணுக்குத் தெரியும் நாளில் ஒரு நாளைக்கு 12 கலை (ஒரு கலை என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) நகர்கிறது. 60 நாள் கழித்து ஒன்பதரை கலை. 60 நாளில் எவ்வளவு தூரம் போயிருக்கும்? இரண்டின் சராசரியை 60ஆல் பெருக்கி 10 பாகை 45 கலை என்று எழுதியிருக்கிறார்கள். வேகத்தையும் காலத்தையும் வைத்து ஒரு சரிவகத்தின் பரப்பாகவே தூரத்தைக் கண்டிருக்கிறார்கள். அவர்கள் செய்ததும் தம்பியின் முதல் இடைவெளியில் நாம் செய்ததும் ஒரே காரியம். நாம் தண்ணீருக்குச் செய்கிறோம், அவர்கள் வானத்துக்குச் செய்தார்கள்.

15 பிப்ரவரி 2025, காலை 11.30

படிக்கும்போது வரும் பிழையைப் பற்றி யாரும் பேசவில்லை. தாளின் அளவுகோலைத் தம்பி இன்றுதான் சொன்னார். குத்தில் 1 சென்டிமீட்டருக்கு 10 ஆயிரம் கன அடி, கிடையில் 2 சென்டிமீட்டருக்கு ஒரு நாள். அப்படியானால் ஒரு சதுர சென்டிமீட்டர் 0.432 டி.எம்.சி.

ஒவ்வொரு புள்ளியையும் கை நடுக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் மேலோ கீழோ படித்தால் பெரிய கேடு இல்லை. கூட்டும்போது பாதி அடிபட்டுவிடும். ஆனால் அடிக்கோட்டை ஒரு மில்லிமீட்டர் கீழே வைத்துக்கொண்டால் எட்டு நாளும் ஆயிரம் ஆயிரமாகக் கூடும். 0.69 டி.எம்.சி.! சிம்ப்சன் கொடுத்ததைப் போல நான்கு மடங்கு. போனில் சாய்வாக எடுத்த படத்தில் புள்ளி படிப்பவர்கள் இதைக் கவனியுங்கள். முதலில் பூச்சியத்தையும், தெரிந்த ஓர் உயரத்தையும், இரண்டு ஓரத்திலும் வைத்துப் பாருங்கள்.

எங்கள் காலத்தில் கட்டம் எண்ணினோம். பாதிக்கு மேல் இருந்தால் ஒன்று, குறைந்தால் இல்லை. மெதுவான வேலை, ஆனால் வளைவரை முழுவதையும் கண் பார்த்துவிடும், இரவு உச்சி தப்பாது. வேதியியல் லேபில் இன்னொரு வழி உண்டு. வளைவரையைக் கத்தரித்து எடை போடுவது. தம்பியின் உருவம் 67 சதுர சென்டிமீட்டர் இருக்கும். சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாளில் அது அரை கிராமுக்குச் சற்று மேல். மில்லிகிராம் தராசு வேண்டும். அதே தாளில் 10க்கு 10 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றையும் வெட்டி அதே நேரத்தில் நிறுக்க வேண்டும். மழைநாளில் தாள் ஈரம் குடித்துக் கனத்துவிடும். நான் ஒருமுறை சதுரத்தைக் காலையிலும் உருவத்தை மாலையிலும் நிறுத்து, இரண்டு நாள் அலைந்தேன்.

22 பிப்ரவரி 2025, மாலை 5.15

பழைய நண்பர் ஒருவர் வீட்டில் பிளானிமீட்டர் இருந்தது. ஆம்ஸ்லர் 1854இல் கண்டுபிடித்த அதே வகை. இரண்டு கை, ஒரு சிறு சக்கரம். முள்ளை வளைவரை மேல் ஒரு சுற்று கொண்டுபோய்த் தொடங்கிய இடத்திலேயே முடித்தால் சக்கரம் பரப்பைச் சொல்லும். புள்ளியும் இல்லை, இடைவெளியும் இல்லை. பாலிடெக்னிக் சர்வே லேபில் தொட்டதற்குப் பிறகு இன்றுதான் கையில் எடுக்கிறேன்.

தம்பியின் தாளை அளவு மாறாமல் அச்செடுத்து, முதலில் 10க்கு 10 சதுரத்தைச் சுற்றிக் கருவியைச் சரிபார்த்தேன். பிறகு வளைவரையைக் கடிகாரச் சுற்றில் மூன்று முறை: 67.1, 67.6, 67.3. சராசரி 67.33 சதுர சென்டிமீட்டர். 29.09 டி.எம்.சி.